ஆண்கள் பாடகர் குழுவுக்குப் பாட்டுத் தேர்வு: புதிதாகப் பொறுப்பேற்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதுகிறவன் நான். சபையின் ஆண்கள் பாடகர் குழு என் கைக்கு வந்தது ஒரு செப்டம்பர் மாதத்தில். அதுவரை நடத்திவந்த அண்ணன் வேலை மாறி வெளியூர் போய்விட்டார். "உங்களுக்குத்தான் கீபோர்டு வருமே தம்பி, பார்த்துக்கொள்ளுங்கள்" என்று செயலாளர் அலமாரிச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார்.

நான் செய்த முதல் காரியம், வெளிநாட்டு ஆண்கள் குழு ஒன்று பாடிய பாட்டை இணையத்தில் கேட்டு மயங்கி, அதன் நோட்டேஷனை விலைக்கு வாங்கியது. அங்கே பாடியவர்கள் ஏறக்குறைய 80 பேர். எங்களிடம் இருந்தவர்கள் 16 பேர்; அவர்களிலும் இருவருக்கு இரவு ஷிப்ட். கிறிஸ்துமஸ் ஆராதனையில் அந்தப் பாட்டின் உச்ச வரி வந்தபோது முதல் டெனர், அதாவது மிக உயர்ந்த குரல், பாடிய மூவரில் இருவர் வாயை மூடிக்கொண்டார்கள். மூன்றாமவரும் மூடியிருக்கலாம்.

உங்கள் குழு கோவையில் இருந்தாலும் ஈரோட்டில் இருந்தாலும் தாராபுரத்தில் இருந்தாலும் கீழே உள்ள வரிசையில் போங்கள். பாட்டுத் தேடுவது நான்காவது படியில்தான் வருகிறது. அதற்கு முன் யூடியூப் பக்கம் போகாதீர்கள்.

1. குரல்களை அளந்து எழுதுங்கள்

ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிடுங்கள். ஆளுக்கு ஐந்து நிமிடம் போதும். மற்றவர்கள் எதிரில் வைத்துச் சோதித்தால் பாதிப் பேருக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

61 கட்டை கீபோர்டில் இடது ஓரத்திலிருந்து 15-ஆவது வெள்ளைக் கட்டை நடு சி. அதிலிருந்து கீழே இறங்கி, சிரமமில்லாமல் அவர் தொடும் கடைசிச் சுருதியைக் குறியுங்கள். பிறகு மேலே ஏறி, கழுத்து நரம்பு புடைக்காமல் தொடும் உச்சத்தைக் குறியுங்கள். ஒரே ஒருமுறை எட்டிப் பிடித்த சுருதி கணக்கில் வராது. ஒரு வரி முழுவதும் அங்கே நின்று பாட முடிகிறதா என்று பாருங்கள்.

இங்கே நான் விழுந்த பள்ளம் ஒன்று. எங்கள் கீபோர்டுத் தம்பி எல்லாப் பாட்டையும் ஒரு கட்டையில் வாசித்துவிட்டு டிரான்ஸ்போஸ் பொத்தானால் சுருதியை மாற்றிக்கொள்ளும் பழக்கம் உள்ளவர். பொத்தான் மூன்றில் நின்றிருந்தது எனக்குத் தெரியாது. 16 பேர் குரலையும் ஒன்றரைச் சுருதி தவறாக எழுதி, இரண்டு வாரம் கழித்துத்தான் கண்டுபிடித்தேன். சோதனைக்கு முன் டிரான்ஸ்போஸ், ஆக்டேவ் இரண்டும் பூஜ்யத்தில் இருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள்.

அச்சிட்ட நோட்டேஷன்கள் கேட்கும் அளவு பொதுவாக இப்படி இருக்கும். முதல் டெனர், நடு சி-க்கு மேலே ஜி வரை, அதாவது சி ஒன்று, டி இரண்டு என்று எண்ணும் நம் பேச்சில் 5 கட்டை வரை. சில பாட்டுகளில் 6 கட்டை. இரண்டாம் டெனர் 3 அல்லது 4 கட்டை வரை. நடுக்குரலான பாரிட்டோன் 2 அல்லது 3 கட்டை வரை. அடிக்குரலான பாஸ் மேலே நடு சி வரை போனால் போதும். கீழே அதற்கு ஒன்றரை ஸ்தாயி தாழ்ந்த எஃப் வரை இறங்க வேண்டும்.

பயிற்சி பெறாத ஆண்களில் பெரும்பாலோர் பாரிட்டோன்கள். எங்கள் 16 பேரில் 10 பேர் அந்த நடு வரம்புதான். உண்மையான டெனர் மூவர். அடிக்குரல் இருவருக்கு. மிச்சம் இருந்த ஒருவர் எந்தச் சுருதியிலும் நிற்காதவர், ஆனால் பயிற்சிக்கு ஒருநாளும் தவறாதவர். அவரை ஒதுக்காதீர்கள். நல்ல பாரிட்டோன்கள் இருவருக்கு நடுவில் நிறுத்தினால் ஆறு மாதத்தில் வழிக்கு வருவார்.

2. வருகையை ஊர் நாள்காட்டியோடு வைத்துப் பாருங்கள்

பெயர்ப் பட்டியலில் 16 இருக்கலாம். பயிற்சிக்கு வருவது 9 என்றால், நீங்கள் 9 பேருக்குத்தான் பாட்டுத் தேடுகிறீர்கள்.

திருப்பூரில் சனிக்கிழமை சம்பள நாள். அன்று மாலை பயிற்சி வைத்தால் யாரும் வர மாட்டார்கள். ஏற்றுமதி ஆர்டர் அனுப்பும் வாரங்களில் இரவு வேலை நீளும். ஈரோட்டில் ஜவுளிச் சந்தை திங்கள் இரவு தொடங்கிச் செவ்வாயிலும் நடப்பதால் துணி வியாபாரிகள் அந்த இரண்டு நாளும் கைக்கு எட்ட மாட்டார்கள். தீபாவளிக்கு ஊருக்குப் போகிறவர்கள் ஒரு வாரம் கழித்தே திரும்புவார்கள். கிறிஸ்துமஸுக்குப் பாட்டுக் கற்கிறவர்களுக்கு அந்த வாரத்தின் அருமை தெரியும். எங்களுக்குப் பொருந்திய நேரம், ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு ஒரு மணி நேரம். வீட்டில் சாப்பாடு ஆறிவிடும் என்ற முணுமுணுப்பு மட்டும் இன்றுவரை ஓயவில்லை.

3. எத்தனை பாகம் என்று முடிவு செய்யுங்கள்

ஒரே பாட்டில் ஒவ்வொரு குரல் வகைக்கும் தனியாக எழுதிய வரிசைதான் பாகம். நோட்டேஷனின் தலைப்பில் அதைக் காட்டும் எழுத்துகள் இருக்கும். எஸ்.ஏ.டி.பி. என்றால் சோப்ரானோ, ஆல்ட்டோ என்று பெண்களும் டெனர், பாஸ் என்று ஆண்களும் சேர்ந்த நான்கு குரல். டி.டி.பி.பி. என்றால் டெனர் இரண்டு, பாரிட்டோனையும் சேர்த்துப் பாஸ் இரண்டு. இதுதான் ஆண்கள் குழுவுக்கானது. டி.பி.பி., டி.பி. என்று மூன்று பாகத்திலும் இரண்டு பாகத்திலும் கிடைக்கும்.

நான்கு பாகம் பாடினால்தான் குழு என்று ஒரு மயக்கம் உண்டு. ஒரு பாகத்துக்கு நம்பிக்கையாக மூன்று பேர் இல்லாவிட்டால் நான்கு பாகம் வேண்டாம். ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் பாகமே சாய்ந்துவிடும். முதல் ஆண்டு இரண்டு பாகம், அடுத்த ஆண்டு மூன்று. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 'சைலன்ட் நைட்' 1818-இல் ஆஸ்திரியாவின் ஓபர்ன்டார்ஃப் ஊரில் முதன்முதலாக ஒலித்தபோது தனிக்குரலாகப் பாடியவர்கள் இரண்டு ஆண்கள்: டெனராக யோசஃப் மோர், பாஸாக ஃபிரான்ஸ் குரூபர். துணைக்கு ஒரு கிதார். உங்கள் குழுவின் முதல் கிறிஸ்துமஸுக்கு அதையே இரண்டு பாகமாக எடுத்துக்கொள்ளலாம். மெட்டு எல்லோருக்கும் தெரியும், கற்க வேண்டியது கீழ்க்குரல் மட்டும்.

இன்னொரு பொறி. எஸ்.ஏ.டி.பி. பாட்டை எடுத்து, சோப்ரானோ பாகத்தை ஒரு ஸ்தாயி தாழ்த்தி ஆண்களைப் பாட வைப்பது. எல்லோரும் இதைச் செய்கிறார்கள், நானும் செய்தேன். மெட்டு கீழே இறங்கியதும் பாஸோடு மோதும். ஆல்ட்டோவும் இறங்கி இரண்டுக்கும் இடையில் நெருக்கியடிக்கும். தாழ்ந்த சுருதிகளை நெருக்கமாக அடுக்கினால் காதில் விழுவது இரைச்சல்தான், தறிக்கூடத்துக்கு வெளியே நிற்பதுபோல.

பாமாலை மெட்டு ஒன்றை ஆண்களுக்கு மாற்றியே ஆக வேண்டுமென்றால் இப்படிச் செய்து பாருங்கள். மெட்டை ஒரு ஸ்தாயி தாழ்த்தி இரண்டாம் டெனரிடம் கொடுங்கள். பழைய டெனர் பாகம் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். அது இப்போது மெட்டுக்கு மேலே முதல் டெனராக ஒலிக்கும். ஆல்ட்டோவை ஒரு ஸ்தாயி தாழ்த்திப் பாரிட்டோனுக்குக் கொடுங்கள். பிறகு பாட்டு முழுவதையும் ஒரு கட்டை உயர்த்தி, பாஸ் எங்கெல்லாம் பாரிட்டோனுக்கு மேலே ஏறுகிறதோ அங்கெல்லாம் ஒரு ஸ்தாயி இறக்குங்கள். மியூஸ்ஸ்கோர் என்ற இலவச மென்பொருளில் இதைத் தட்டச்சு செய்து கேட்டுவிடலாம். ஒரு பாட்டுக்கு இரண்டு மாலை பிடிக்கும்.

4. இப்போது பாட்டைத் தேடலாம்

முதலில் அலமாரி. எங்கள் சபை அலமாரியில் பல்லிமுட்டைகளுக்கு நடுவே சுருதிகளை எழுத்துகளால் குறிக்கும் டோனிக் சோல்ஃபாவில் எழுதிய ஆண்கள் பாட்டுகள் ஒரு கட்டு இருந்தன. நான் டாலர் கொடுத்து வாங்கிய பிறகுதான் அதைப் பார்த்தேன். தெற்கத்திச் சீமையிலிருந்து வந்து இங்கே குடியேறிய பெரியவர்கள் சிலர் ஐந்துகோட்டு நோட்டேஷனைக் கண்டால் முகம் சுளிப்பார்கள். சோல்ஃபா கொடுத்தால் பார்த்த மாத்திரத்தில் பாடிவிடுவார்கள். உங்கள் குழுவில் அப்படி ஒருவர் இருந்தால் அவரிடம் தேநீர் வாங்கிக் கொடுத்துப் பேசுங்கள். அவர் வீட்டுப் பரணிலும் ஒரு கட்டு இருக்கும்.

அடுத்தது இணையம். 1998-இல் தொடங்கிய கோரல் பப்ளிக் டொமைன் லைப்ரரி என்ற தளத்தில் குரல் வகையை வைத்துத் தேடலாம். டி.டி.பி.பி. என்று குறித்தால் ஆண்கள் குழுப் பாட்டுகள் மட்டும் வரும். பல பாட்டுகளுக்குக் கணினி ஒலிப்பதிவும் கூடவே இருக்கும். ஐ.எம்.எஸ்.எல்.பி. தளத்தில் பழைய அச்சுப் பிரதிகள் கிடைக்கும். இசையமைப்பாளர் மெண்டல்சனின் லத்தீன் பாட்டான 'பெயாட்டி மோர்ட்டுயி' ஆண்கள் குழுவுக்கென்றே எழுதப்பட்டது. அடக்க ஆராதனைக்கு ஏற்றது. ஷூபர்ட்டும் ஆண்கள் குரல்களுக்கு நிறைய எழுதியிருக்கிறார். கம்பீரமான மெட்டு வேண்டுமென்றால் வேல்ஸ் நாட்டு 'கூம் ரோந்தா'. 1907-இல் ஜான் ஹியூஸ் அமைத்தது. அதில் கடைசி வரியில் பாஸ் பாடகர்களுக்கும் நெஞ்சை நிமிர்த்த ஓர் இடம் உண்டு. அவர்கள் ஆண்டு முழுவதும் அதைப் பற்றிப் பேசுவார்கள்.

லத்தீன் என்றதும் பயப்படாதீர்கள். அதன் உயிரெழுத்துகள் அ, எ, இ, ஒ, உ போலத் திறந்து ஒலிப்பதால் ஆங்கிலத்தைவிட நம் நாவுக்கு எளிது. சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்து, பொருளைக் கீழே ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். பொருள் தெரியாமல் பாடுகிறவர் முகத்தில் அது தெரிந்துவிடும்.

5. கையில் கிடைத்ததும் சோதியுங்கள்

முதல் படியில் எழுதிய குரல் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் டெனர் பாகத்தில் விரலை ஓட்டி, மிக உயர்ந்த சுருதி எது என்று பாருங்கள். அதைவிட முக்கியம், அந்த உயரத்தில் எத்தனை நேரம் நிற்கச் சொல்கிறார்கள் என்பது. ஒருமுறை 5 கட்டையைத் தொட்டு இறங்குவது வேறு, பக்கம் முழுவதும் 3-க்கும் 5-க்கும் நடுவே தொங்குவது வேறு. நான் வாங்கிய பாட்டு இரண்டாவது வகை.

டெனர் பாகத்தின் தலையில் உள்ள ட்ரெபிள் குறியின் காலடியில் சிறிய 8 இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், எழுதியிருப்பதைவிட ஒரு ஸ்தாயி தாழ்த்திப் பாட வேண்டும். இதைக் கவனிக்காமல் கீபோர்டில் எழுதியபடி வாசித்துக் காட்டி, டெனர்களை அலற வைத்தவர்கள் உண்டு.

மெட்டு எந்தக் குரலில் இருக்கிறது என்பதையும் பாருங்கள். சில அமைப்புகளில் முதல் டெனரில் இருக்கும். நான்கு குரல்கள் வாத்தியமில்லாமல் பாடும் பார்பர்ஷாப் வகையில் இரண்டாம் குரலில் இருக்கும். மேலே உள்ளவர் மெல்லப் பாட வேண்டும். நம் ஊரில் மேலே பாடுகிறவர் மெல்லப் பாடியதாகச் சரித்திரமே இல்லை. ஆளைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

தமிழ்ப் பாட்டென்றால் ஒவ்வொரு வரியின் கடைசிச் சொல்லையும் பாருங்கள். 'நமக்கு', 'வந்தது' போன்ற குற்றியலுகரச் சொல் நான்கு தாள நீளத்துக்கு இழுக்கப்பட்டால் 'நமக்கூ' என்று 16 ஆண்களும் கூகைபோல முடிப்பார்கள். நெடிலிலோ 'ம்', 'ன்' போன்ற மெல்லினத்திலோ முடியும் வரிகள் ஆண்கள் குரலில் அழகாக அடங்கும்.

6. கீர்த்தனைகளுக்குத் தனிக் கணக்கு

சபையார் உருகுவது கீர்த்தனைக்குத்தான். தஞ்சாவூர்க் கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியார் காலத்திலிருந்து வருகிறவை ராக தாளத்தில் அமைந்த ஒற்றை மெட்டுப் பாடல்கள். அவற்றின் மேல் கார்டுகளை, அதாவது சேர்ந்தொலிக்கும் சுருதி அடுக்குகளை, ஒட்டுவதற்கு முன் ராகத்தைப் பாருங்கள்.

சங்கராபரணம் மேற்கத்திய மேஜர் ஸ்கேலேதான். கீரவாணி ஹார்மோனிக் மைனர். இவற்றில் மூன்று பாகம் எழுதினால் பெரும்பாலும் உட்காரும். மாயாமாளவகௌளையில் ச-க-ப சேர்த்துப் பாடினால் இனிக்கும். ப-நி-ரி சேர்த்தால், ரிஷபம் தாழ்ந்திருப்பதால் கடிக்கும். வரியை முடித்து வைக்க வேண்டிய கார்டே இப்படிக் கடித்தால் பாட்டு எங்கே போய் நிற்கும்? ரிஷபத்தை உயர்த்திச் சரிசெய்கிறேன் என்று கிளம்பினால் ராகம் போய்விடும், முன்வரிசைப் பாட்டிகள் கண்டுபிடித்துவிடுவார்கள். அத்தகைய ராகங்களில் எல்லோரும் ஒரே மெட்டைப் பாடட்டும். பாஸ் இருவர் மட்டும் ச-வையும் ப-வையும் தம்பூரா போலப் பிடித்து நிற்கட்டும். எளிய ஏற்பாடுதான், ஆனால் ஆண்கள் குரலுக்கு இதைவிட எடுப்பானதை நான் கேட்டதில்லை.

சுருதியையும் மாற்ற வேண்டும். பெண்கள் 5 கட்டையில் பாடிப் பழகிய கீர்த்தனையை ஆண்கள் ஒன்று அல்லது ஒன்றரைக் கட்டையில் எடுப்பது வழக்கம். சரணத்தில் மேல் ஸ்தாயிக்கு ஏறும் இடத்தை முதலில் பாடிப் பார்த்துவிட்டுப் பல்லவிக்கு வாருங்கள். கமகம் மிகுந்த சங்கதிகளைத் தனிக்குரலுக்கு விட்டுவிடுங்கள். 16 பேரும் 16 விதமாக வளைப்பார்கள்.

7. உரிமையும் தாள்களும்

இந்தியச் சட்டப்படி, இசையமைத்தவரும் பாட்டெழுதியவரும் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் உரிமை இருக்கும். மெட்டுக்கு ஒரு கணக்கு, சொல்லுக்கு ஒரு கணக்கு, ஆண்கள் குரலுக்கு மாற்றி அமைத்தவருக்கு இன்னொரு கணக்கு. ஜான் ஹியூஸ் 1932-இல் இறந்ததால் அவர் மெட்டு பொதுவுடைமை. ஆனால் அதற்கு அண்மையில் ஒருவர் எழுதிய டி.டி.பி.பி. அமைப்பு அவருடைய சொத்து. ஆண்கள் குழுக்கள் விரும்பிப் பாடும் 'ஆவே மரியா' ஒன்றை எழுதிய ஃபிரான்ஸ் பீபிள் இறந்தது 2001-இல். லத்தீன் சொற்களைப் பார்த்துப் பழைய பாட்டு என்று ஏமாறாதீர்கள். 2061 முடியும்வரை உரிமை உண்டு.

ஆராதனையில் பாடுவதற்குத் தனி அனுமதி வேண்டியதில்லை. உண்மையான சமயச் சடங்கில் பாடுவதைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு உரிமை மீறலாகக் கருதுவதில்லை. கட்டணம் வாங்காத பார்வையாளர் முன் அமெச்சூர் குழு பாடுவதற்கும் அங்கே விலக்கு உண்டு. இந்த விலக்கு பாடுவதற்கு மட்டும். ஒரு பிரதி வாங்கி 16 ஜெராக்ஸ் எடுப்பதை அது காப்பாற்றாது. டிக்கெட் வைத்து நிகழ்ச்சி நடத்தினாலும் கதை வேறு. முன்கூட்டியே உரிமம் கேட்க வேண்டும்.

ஒவ்வொரு பாட்டுக்கும் ஓர் உறை வையுங்கள். அதில் வாங்கிய ரசீது, எத்தனை பிரதிக்கு அனுமதி என்று அச்சிட்ட பக்கம், இணையத்தில் எடுத்ததென்றால் அந்தப் பதிப்பின் அனுமதிக் குறிப்பு, உள்ளூர் இசையமைப்பாளர் எழுதிக் கொடுத்ததென்றால் அவர் கையெழுத்திட்ட ஒரு பக்கக் கடிதம், எல்லாம் இருக்கட்டும். அந்தக் கடிதத்தில் 'பாடவும், பிரதி எடுக்கவும், ஒளிபரப்பவும்' என்று மூன்றையும் எழுதி வாங்குங்கள். வாய்மொழி அனுமதி, அடுத்த ஆண்டு மனத்தாங்கல் வரும்வரைதான் செல்லும்.

8. செலவு

வெளிநாட்டுப் பதிப்பகத்தில் ஒரு பாட்டின் பிரதி பெரும்பாலும் 2 முதல் 3 டாலர் வரை. 16 பேருக்கு 40 டாலரை ஒட்டி வரும். அச்சுப் பிரதியாக வரவழைத்தால் தபால் செலவு பாட்டின் விலையை மிஞ்சிவிடும். டிஜிட்டல் பிரதியாக வாங்கி, அனுமதித்த எண்ணிக்கைக்கு இங்கே அச்செடுங்கள். குறைந்தது இத்தனை பிரதி வாங்க வேண்டும் என்று சில பதிப்பகங்கள் நிபந்தனை வைக்கும். பணம் கட்டும் பக்கத்துக்குப் போன பிறகுதான் அது கண்ணில் படும்.

வங்கி அட்டையில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை வழக்கமாக அணைத்தே வைக்கப்பட்டிருக்கும். வங்கிச் செயலியில் அதை இயக்கிவிட்டு, வாங்கி முடித்ததும் மறுபடி அணைத்துவிடுங்கள். மாற்றுக் கட்டணம் என்று வங்கியும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். கமிட்டியிடம் தொகை கேட்கும்போது அதையும் சேர்த்துக் கேளுங்கள். நான் கேட்காமல் விட்டுக் கையிலிருந்து போட்டேன். வாங்குவதற்கு முன் தளத்தில் காட்டும் மாதிரிப் பக்கங்களில் ஐந்தாம் படிச் சோதனையைச் செய்துவிடுங்கள். டிஜிட்டல் பிரதியைத் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

9. எப்போது தொடங்குவது

கிறிஸ்துமஸ் பாட்டுக்கு ஆகஸ்டில் தேர்வு முடிந்திருக்க வேண்டும். செப்டம்பர் முதல் வாரத்தில் பிரதி கையில் இருக்கட்டும். அதே வாரம் மியூஸ்ஸ்கோரில் ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனி ஒலிக்கோப்பாக எடுத்து வாட்ஸ்அப்பில் பாகவாரியாக அனுப்புங்கள். எல்லாவற்றையும் ஒரே குழுவில் போட்டால் பாஸ் பாடுகிறவர் டெனரைக் கற்றுக்கொண்டு வருவார். டிசம்பரில் கேரல் பவனி தொடங்கிவிடும். இரவெல்லாம் பனியில் பாடித் தொண்டை கட்டிய ஆண்களுக்குப் புதுப் பாட்டு எதுவும் ஏறாது. நவம்பர் கடைசிக்குள் பாட்டு மனப்பாடம் ஆகவில்லை என்றால் அதை ஈஸ்டருக்குத் தள்ளிவிட்டு, தெரிந்த பாட்டை எடுங்கள்.

புனித வெள்ளிப் பாட்டுக்கு ஜனவரியில், பொங்கல் கழிந்த ஞாயிறன்று உட்காருங்கள். ஆண்கள் ஞாயிறுக்கு ஆறு வாரம் போதும், இரண்டு பாகமாக இருந்தால். ஆண்டுக்குப் புதிய பாட்டு நான்கு. நாங்கள் ஒருமுறை ஏழு எடுத்தோம். எதுவும் பழுக்கவில்லை.

ஆராதனை முடிந்த அன்றே அந்தப் பாட்டின் உறையில் ஒரு தாள் செருகுங்கள். யார் யார் பாடினார்கள், எந்தக் கட்டை, எந்த வரியில் சுருதி இறங்கியது என்று நான்கு வரி போதும். நான் முதலில் வாங்கிய பாட்டின் உறையில் 'ஒரு கட்டை இறக்கினால் பாடலாம். ஆனால் பாஸுக்கு ஆள் வேண்டும்' என்று எழுதி வைத்திருக்கிறேன். சென்ற மாதம் அவினாசியிலிருந்து அடிக்குரலோடு ஒருவர் வந்து சேர்ந்திருக்கிறார். அவரை இன்னும் அளக்கவில்லை.